படியாத படிகம்

5

"இது தண்ணிதானே?" என்றான் சில்லறை.

மூடி போட்ட கண்ணாடிக் குப்பியை ஆய்வுக்கூட ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, வைரம் வாங்க வந்த ஆள் மாதிரி பார்த்தான்.

"தண்ணி இல்ல. இந்நேரம் கட்டியாகியிருக்கணும். ஆகல. அதான் பிரச்சனையே," என்றாள் ஆய்வு மாணவி. சொல்லிவிட்டு, அவன் கையிலிருந்து குப்பியைப் பக்குவமாக வாங்கி மேஜையில் வைத்தாள்.

சில்லறைக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. வாயைத் திறந்தால் கொட்டிக்கொண்டே இருப்பான் என்பதால் சிநேகிதர்கள் வைத்த பெயர் இது, அதுவே நிலைத்துவிட்டது. இரண்டு கம்பெனிகளில் விற்பனைப் பிரதிநிதியாக இருந்தான். வாங்க வந்தவர்களை வயிறு வலிக்கச் சிரிக்க வைத்தானே தவிர, யாரையும் எதையும் வாங்க வைக்கவில்லை. இப்போது அண்ணியிடம் உதவியாளன். அண்ணி என்றால் சொந்த அண்ணனின் மனைவி. காப்பீட்டு நிறுவனத்தில் பொய்க் கணக்குப் பிடிக்கும் பிரிவில் இருந்துவிட்டு, வேலையை உதறிச் சொந்தமாகத் துப்பறியக் கிளம்பியவள். எரியாத கடைக்கும் திருடு போகாத நகைக்கும் நஷ்ட ஈடு கேட்டு அழுதவர்களை வருஷக்கணக்கில் பார்த்தவள் என்பதால், யார் அழுகை நிஜம், யார் அழுகை ஒத்திகை என்பது அவளுக்கு அத்துப்படி.

ஆய்வு மாணவியின் கண்கள் சிவந்திருந்தன. ஒத்திகை இல்லை என்று அண்ணி வாசலிலேயே முடிவு கட்டியிருந்தாள்.

"சுருக்கமா சொல்லும்மா," என்றாள் அண்ணி. "எங்க வீட்ல சயின்ஸ் படிச்சவங்க கிடையாது. இவன் படிச்சதா சொல்றான், இதுவரைக்கும் ஆதாரம் கிடைக்கல."

"இது ஒரு உப்புக் கரைசல் மேடம். கட்டியாகும்போது சூட்டை வெளியே விடும். வெயில்ல சூட்டைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு, குளிர்ல எடுத்துப் பயன்படுத்தலாம். ஆனா தானா கட்டியாகாது. ஏற்கனவே உறைஞ்ச கிரிஸ்டல்ல ஒரு துணுக்கு உள்ள போடணும். விதைன்னு சொல்லுவோம். பாலுக்கு உறை ஊத்தற மாதிரி."

"புரியுது."

"நான் கண்டுபிடிச்ச பக்குவத்துல விதையே வேண்டாம். உறை ஊத்தாமலே பால் தயிரான மாதிரி, தானா உறையும். ரெண்டு வருஷமா உறைஞ்சுது. கட்டுரை எழுதினேன், வந்துச்சு, எல்லாரும் பாராட்டினாங்க. அப்புறம் வேற நாட்டுல ரெண்டு லேப்ல செஞ்சு பாத்தாங்க. வரல. சரி, நானே செஞ்சு காட்டறேன்னு எங்க குழு முன்னாடி செஞ்சேன். எனக்கே வரல."

"அதனால?"

"நான் ஒளிச்சு விதை போட்டுட்டு, போடலன்னு எழுதிட்டேன்னு சொல்றாங்க. முதல்ல அப்படிச் சொன்னது எங்க சார்தான் மேடம். என் வழிகாட்டி."

அன்று மாலை நான்கு மணிக்கு விசாரணைக் குழு கூடுகிறது. பொய் என்று தீர்மானமானால் பட்டம் போகும். பட்டத்தோடு பெயரும் போகும். பொய் எழுதினவள் என்று ஒரு தடவை முத்திரை விழுந்தால், எந்த ஊரில் எந்த ஆய்வுக்கூடத்திலும் அவளுக்கு ஒரு நாற்காலி கிடைக்காது. சில்லறைக்கு நாக்கு நுனிவரை ஒரு ஜோக் வந்தது. அவள் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டான்.

"எப்போலேருந்து வரல?" என்றாள் அண்ணி.

"போன மாசம் நடுவுலேருந்து."

"அதுக்கு முன்னாடி ஒரு நாள்கூட தவறினதில்லையா?"

மாணவி யோசித்தாள். "ஒரே ஒரு வாரம், போன வருஷம். சார் வெளியூர்ல ஒரு கருத்தரங்குக்குப் போயிருந்தார். என்ன செஞ்சும் வரல. உப்பு கெட்டுப்போச்சோன்னு புதுசு வாங்கிப் போட்டேன். அவர் திரும்பி வந்த அன்னிக்கே வந்துடுச்சு. புது உப்புதான் காரணம்னு நெனச்சேன்."

"போன மாசம் இந்த ரூம்ல என்ன மாறிச்சு?"

"எதுவுமே மாறல மேடம். அதே உப்பு, அதே குப்பி, அதே மேஜை, அதே நான்."

"ஒரு வேலை திடீர்னு கெட்டுப்போனா, கூடவே வேற ஏதோ ஒண்ணு மாறியிருக்கும்," என்றாள் அண்ணி எழுந்தபடி. "அது எதுன்னு பாத்துட்டு வரோம். நீ புதுசா நாலஞ்சு குப்பி தயார் பண்ணி, மூடி போட்டு வை."

இந்தக் கட்டடத்தில் ஒரு விசேஷம் உண்டு. உப்பு, பாலம், பங்குச்சந்தை எல்லாவற்றையும் ஒரே கூரைக்குக் கீழே ஆராய்ச்சி செய்தார்கள். பலதுறை ஒத்துழைப்பு என்று வாசலில் எழுதியிருந்தது. நடைமுறையில் அது ஒரே ஒரு விஷயத்தில்தான் இருந்தது. எல்லாத் துறைக்காரர்களும் ஒரே வண்டி நிறுத்துமிடத்துக்குச் சண்டை போட்டார்கள்.

பக்கத்து அறையில் மேஜை தடதடவென்று ஆடிக்கொண்டிருந்தது. மேஜையின் மேல் ஒரு குட்டிப் பாலம், பக்கத்தில் மஞ்சள் ஹெல்மெட் போட்ட பொறியாளர். மாணவர்கள் அவரைப் பாலம் சார் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"எவ்வளவு ஆட்டினா பாலம் விழும்னு பாக்கறேன்," என்றார் அவர்.

"விழுந்தா?" என்றான் சில்லறை.

"விழுந்தா ஒரு கட்டுரை."

"விழலன்னா?"

"இன்னும் கொஞ்சம் ஆட்டுவேன்."

அண்ணி மேஜையைக் காட்டினாள். "இது தினமும் ஓடுமா சார்?"

"தினமும்தான். போன மாசம் மோட்டார் எரிஞ்சு போச்சு. இன்னைக்குக் காலைலதான் சரியாச்சு."

சில்லறை அண்ணியின் முழங்கையை இடித்தான். "அண்ணி, கேஸ் முடிஞ்சுது. ஆட்டம் இருந்தவரைக்கும் உப்பு உறைஞ்சுது. ஆட்டம் நின்னுது, உறையறதும் நின்னுது. பில்லைப் போடலாமா?"

"போய் ஒரு குப்பி வாங்கிட்டு வா."

வாங்கி வந்தான். மேஜையின் மேல் வைத்தார்கள். பாலம் சார் உற்சாகமாகி முழு வேகத்தில் ஓட விட்டார். ஜன்னல் ஆடியது, அலமாரி ஆடியது, மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்ற சில்லறையின் பற்கள் ஒன்றோடொன்று தாளம் போட்டன. குட்டிப் பாலம் படுத்தேவிட்டது. குப்பிக்குள் இருந்தது மட்டும் தண்ணீராகவே இருந்தது.

"என் கட்டுரை கிடைச்சாச்சு," என்றார் பாலம் சார் திருப்தியாக. "உங்களுக்குத்தான் ஒண்ணும் கிடைக்கல போல."

மேல் மாடியில் நிதித்துறை ஆய்வாளர். இவருக்கு வட்டி சார் என்று பெயர். விசாரணைக் குழுவில் புள்ளிவிவரம் பார்ப்பவர் இவர்தான். பாலம் சாரும் அதே குழுவில் இருந்தார்.

"ஒரு கம்பெனி வருஷம் பூரா ஒரு சறுக்கல்கூட இல்லாம லாபம் காட்டினா, நான் அதுல பணம் போட மாட்டேன்," என்றார் வட்டி சார். "போலீசுக்குப் போன் போடுவேன். இந்தப் பொண்ணோட முடிவுகளும் அப்படித்தான் இருக்கு. இயற்கை இவ்வளவு ஒழுங்கா நடந்துக்காது. நடுவுல யாரோ கை வெச்சிருக்காங்க."

"நானும் அப்படித்தான் நெனைக்கறேன் சார்," என்றாள் அண்ணி.

வெளியே வந்ததும் சில்லறை பதறினான். "நம்ம கட்சிக்காரியையே கவுத்துட்டீங்களே."

"அவர் சொன்னது சரிடா. கை வெச்சிருக்காங்க. யார் கைன்னு அவருக்குத் தெரியல, அவ்வளவுதான்."

படிக்கட்டில் வழிகாட்டிப் பேராசிரியர் எதிரே ஏறி வந்தார். வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டு வருகிறார் போலிருக்கிறது. முகம் முழுக்க மூடும் பெரிய ஹெல்மெட் ஒரு கையில் தொங்கியது. நல்ல மனிதர் என்று பார்த்ததுமே தெரிந்தது. அது சில்லறைக்கு ஏமாற்றமாக இருந்தது. முறைக்கிற ஆளாக இருந்தால் சந்தேகப்பட வசதியாக இருந்திருக்கும்.

"எனக்கும் கஷ்டமாத்தாம்மா இருக்கு," என்றார் அவர் அண்ணியிடம். "அவ என் பொண்ணு மாதிரி. ஆனா ஆராய்ச்சியில பாசம் பாக்க முடியாதே." பேசும்போது அவர் கை தாடைக்குக் கீழே போய், வெறும் காற்றில் எதையோ தேடிவிட்டுத் திரும்பியது.

"அவ வேலையைத் தினமும் பாப்பீங்களா சார்?"

"பாக்காம? காலைல வந்ததும் மொத வேலை அதுதான். அவ மேஜைக்குப் போய், குப்பியைத் திறந்து வெச்சிருப்பா, குனிஞ்சு பாத்து, வந்துச்சாம்மான்னு கேட்டுட்டுத்தான் என் ரூமுக்கே போவேன். இப்போ வரலன்னு தெரிஞ்சும் பழக்கம் விடல. நேத்துகூடப் போய்க் குனிஞ்சு பாத்தேன்."

"நீங்களும் இதே உப்புலதான் வேலை பண்றீங்களா?"

"முப்பது வருஷமா. இன்னைக்கும் உரல்ல போட்டு நானேதான் இடிப்பேன். பசங்க இடிச்சா எனக்குத் திருப்தி வராது. மூஞ்சியெல்லாம் மாவு அரைச்ச மாதிரி ஆயிடும்." சிரித்துக்கொண்டே ஏதோ செய்தி பார்க்கப் போனை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்தார். போன் திறக்கவில்லை. தூரத்தில் பிடித்தார், கிட்டத்தில் பிடித்தார், கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பிடித்தார். கடைசியில் எரிச்சலோடு எண்களை அழுத்தினார்.

"போனுக்கே உங்களை அடையாளம் தெரியல சார்," என்றான் சில்லறை.

"கொஞ்ச நாளா இப்படித்தான் தம்பி. பழைய போன். இது பரவாயில்ல, என் பேரனே கிட்ட வர மாட்டேங்கறான். யாரோன்னு நெனைச்சு அழறான்."

அவர் மேலே போனார். அண்ணி படியிலேயே நின்றுவிட்டாள். காப்பீட்டுக் காலத்திலிருந்தே அவளுக்கு இந்தப் பழக்கம் உண்டு. ஏதாவது பிடிபட்டால் உடனே ஓட மாட்டாள், நின்று ரசிப்பாள்.

"அண்ணி, இவர்தான்," என்றான் சில்லறை குரலைத் தாழ்த்தி. "இவர் ஊர்ல இல்லாத வாரம் கிரிஸ்டல் வரல. தினமும் போய்க் குனியறார். கையில விதையை ஒளிச்சு வெச்சுப் போட்டிருக்கார். மாணவி பேர் வாங்கினா வழிகாட்டிக்கும் பேர்தானே."

"போட்டவர் எதுக்கு நிறுத்தணும்?"

"பயம் வந்திருக்கும்."

"பயந்தவர் எதுக்கு அவரே புகார் குடுக்கணும்? வாயைப் பொத்திக்கிட்டு இருந்தா மாட்டவே மாட்டாரே. அதோட, நேத்தும் குனிஞ்சிருக்கார். நேத்து ஏன் வரல?"

சில்லறை மேலே போனவரை எட்டிப் பார்த்தான்.

"அவர் முகத்தைப் பாத்தியா?" என்றாள் அண்ணி. "நெத்தி, மூக்கு, கன்னம் எல்லாம் வெயில் பட்ட நிறம். தாடை மட்டும் வெளுப்பு."

"ஏதாவது கிரீம் தடவறாரோ என்னவோ."

"போய் அவர்கிட்ட அந்த ஹெல்மெட்டைக் கேட்டு வாங்கிட்டு வா. திருடாதே, கேட்டு வாங்கு. பாலம் சார்கிட்டயும் கேளு. உன்னோடதும் வேணும்."

"மூணு ஹெல்மெட்டா? கூட்டத்துல கல் எறிவாங்களா அண்ணி?"

"துடைக்காம கொண்டு வா," என்றாள் அவள்.

நான்கு மணிக்கு நீள மேஜையின் ஒரு பக்கம் குழுத் தலைவி, பாலம் சார், வட்டி சார், பேராசிரியர். ஓரத்தில் கூட்டக் குறிப்பு எழுதும் உதவியாளர். எதிர்ப்பக்கம் மாணவி தனியாக உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு முன்னால் மூன்று குப்பிகள். தலைவி சிரிப்பதை வேலை நேரத்தில் செய்யக்கூடாத காரியமாக நினைக்கிறவர். மூன்று ஹெல்மெட்டுகளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்த சில்லறையை அவர் பார்த்த பார்வையில் அவனுக்கு வேர்த்துவிட்டது.

"இது விசாரணைக் குழு," என்றார் தலைவி. "வண்டி ஓட்டற தேர்வு கீழ் மாடியில."

"அஞ்சு நிமிஷம் குடுங்க மேடம்," என்றாள் அண்ணி. "இந்த மூணு குப்பியும் ஒரே நேரத்துல தயாரானது. இப்போதான் திறக்கறேன். மொதல்ல இவன் ஹெல்மெட்."

முதல் குப்பியின் மேல் சில்லறையின் ஹெல்மெட்டைக் கவிழ்த்துத் தட்டினாள். தூசி விழுந்தது. பொடுகு விழுந்தது. போன வருஷத்துச் சினிமா டிக்கெட் ஒன்று மேஜையில் விழுந்தது. குப்பிக்குள் எதுவும் ஆகவில்லை. சில்லறை கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

இரண்டாவதன் மேல் பாலம் சாரின் மஞ்சள் ஹெல்மெட். கொஞ்சம் சிமெண்ட் தூள் விழுந்து அடியில் தங்கியது. தண்ணீர் தண்ணீராகவே இருந்தது.

மூன்றாவதன் மேல் பேராசிரியருடையது. அண்ணி அதைத் தலைகீழாகப் பிடித்து, தாடை பதியும் இடத்தில் இருந்த பஞ்சை மட்டும் விரலால் இரண்டு தட்டுத் தட்டினாள்.

கண்ணுக்கே தெரியாத ஏதோ ஒன்று விழுந்தது. அது விழுந்த இடத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி. புள்ளியிலிருந்து ஊசி ஊசியாகக் கிளம்பிற்று. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குப்பி முழுக்க வெள்ளை வெளேரென்று உறைந்துவிட்டது. தலைவி நம்பாமல் குப்பியைத் தொட்டார். சுட்டது. கையை இழுத்துக்கொண்டார்.

"ரெண்டு வருஷமா இந்தப் பொண்ணோட குப்பிக்கு உறை ஊத்தினவர் இந்த ரூம்லதான் இருக்கார்," என்றாள் அண்ணி. "அவருக்கே அது தெரியாது. ஊத்தின கரண்டியைப் போன மாசம் ஒரு சலூன் தரையில விட்டுட்டு வந்துட்டார்."

பேராசிரியரின் கை தாடைக்குப் போயிற்று. இந்த முறை அங்கேயே நின்றுவிட்டது.

"தாடி," என்றார் வட்டி சார் மெல்ல. "ஆமா, இவருக்கு எவ்வளவு பெரிய தாடி இருந்துது. கட்டடமே பாத்துச்சு. கணக்குல நான் அதைச் சேர்க்கவே இல்லையே."

"முப்பது வருஷம் உப்பு இடிச்ச தாடி," என்றாள் அண்ணி. "முகத்துல படற தூள் கழுவினா போயிடும், தாடிக்குள்ள போனது தங்கிடும். அந்தத் தாடி தினமும் காலைல திறந்த குப்பி மேல குனியும். அவர் ஊர்ல இல்லாத வாரம் விதை விழல. எடுத்த பிறகு விழவே இல்ல. வெளிநாட்டு லேப்ல இந்தத் தாடி கிடையாது. தினமும் கூட இருக்கறவங்க புது முகத்துக்கு ரெண்டே நாள்ல பழகிட்டாங்க. அதனாலதான் எதுவுமே மாறலன்னு இந்தப் பொண்ணு சொன்னா. பழகாதது போனும் பேரனும்தான்."

பேராசிரியர் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார். "டைரக்டர் பதவிக்கு போட்டோ கேட்டாங்க. தாடியோட எடுத்ததைப் பாத்துட்டு, தேடப்படற ஆள் மாதிரி இருக்கீங்கன்னு வீட்ல சொன்னா. அதான் எடுத்தேன்." வெறும் தாடையைத் தடவிக்கொண்டே தொடர்ந்தார். "புதுசா சேர்ற பசங்களுக்கு வருஷா வருஷம் நான்தான் இந்தக் கதையைச் சொல்லுவேன். சில வேதியியல்காரங்க உள்ள வந்தாலே கிரிஸ்டல் வந்துடும், அவங்க தாடியில விதை இருக்கும்னு. பசங்க சிரிப்பாங்க. நானும் சிரிப்பேன்."

சில்லறைக்குக் கை தட்ட வேண்டும் போலிருந்தது. மாணவியைத் திரும்பிப் பார்த்தவன் கைகளைக் கீழே போட்டுவிட்டான். அவள் முகத்தில் சந்தோஷம் இல்லை.

"அப்போ என் பக்குவத்துல விதை இல்லாம ஒரு தடவைகூட வரல," என்றாள் அவள்.

"வரலம்மா," என்றாள் அண்ணி. இதைச் சொல்ல நேரும் என்று படிக்கட்டில் நின்றபோதே அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். குரல் அவ்வளவு இறங்கி இருந்தது. காப்பாற்றப் போன இடத்தில் அந்தப் பெண்ணின் கண்டுபிடிப்பையே பிடுங்கிவிட்டோமே என்று சில்லறைக்கு அப்போதுதான் உறைத்தது.

பேராசிரியர் தொண்டையைச் செருமினார்.

"இது இந்த ரூமோட இருக்கட்டுமே," என்றார், யார் முகத்தையும் பார்க்காமல். "எனக்குத் தாடி சீக்கிரம் வளரும். ஒரு மாசம் போனா மறுபடி செஞ்சு காட்டிடலாம். அவளுக்குப் பட்டம் கிடைக்கும். எனக்கும் தலைகுனிவு இல்ல. யாருக்கும் நஷ்டம் இல்லையே."

தலைவி கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். கூடாது என்று அவர் சொல்லவில்லை. வட்டி சார் ஏதோ கணக்குப் போடுகிறவர் போல மேஜையைப் பார்த்தார். நிறுவனத்துக்கும் இது நல்ல பெயர் வாங்கித் தந்த கட்டுரை. எல்லாருடைய கண்ணும் கடைசியில் மாணவியிடம் போய் நின்றது.

"சார், உங்களுக்குத் தாடி வளர ஒரு மாசம் ஆகும்," என்றாள் அவள். "நான் பொய் சொல்றேன்னு நீங்க சொல்றதுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகல."

"கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கறேன் மேடம்," என்று தலைவியிடம் சொன்னாள். "அது தப்பு. ஆனா பொய் இல்ல. அதை மட்டும் எழுதிடுங்க."

"பட்டம் தள்ளிப் போகும்," என்றார் தலைவி. "மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கணும்மா."

"தெரியும்."

பேராசிரியர் எழுந்தார். வெளியே போகப் போகிறார் என்றுதான் சில்லறை நினைத்தான். அவர் நேராகக் குறிப்பு எழுதும் உதவியாளரிடம் போய் நின்றார்.

"எழுதிக்குங்க. மாணவி பொய் சொல்லவில்லை."

உதவியாளர் எழுதினார். "அப்புறம் சார்?"

"ஆய்வு வழிகாட்டி சவரம் செய்துகொண்டார்."

பேனா நின்றது. "அப்படியே எழுதவா சார்? டைரக்டர் பதவிக்கு இந்தக் குறிப்பும் கூடப் போகும்."

"போகட்டும். அப்படியே எழுதுங்க. விசாரிக்காமல் குற்றம் சொன்னதும் அவரே. அதையும் எழுதுங்க. எழுதினதைச் சத்தமாப் படிங்க."

உதவியாளர் படித்தார். சவரம் வந்த இடத்தில் பாலம் சார் அடக்க முடியாமல் செருமினார். தலைவியே உதட்டைக் கடித்துக்கொண்டார். மாணவி சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்து, அது எந்த இடத்தில் அழுகையானது என்று யாருக்கும் தெரியவில்லை. துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"முதல் வரியை மட்டும் இன்னொரு தடவை படிங்க சார்," என்றாள்.

உதவியாளர் காகிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து நின்று, நிறுத்தி நிதானமாகப் படித்தார்.